ஒரு பாவ் கேட்ட பிள்ளை

செம்பூர், மும்பை
ஆகஸ்ட் 9, சனிக்கிழமை

அன்பு மகள் சுனிதாவுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், அங்கே நியூசிலாந்துக் குளிரில் நீயும் தடுமன், காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். அம்மாவுக்கு மழைக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, சயானில் பார்த்த டாக்டர் படி ஏறவே கூடாது என்று சொல்லியும் லிஃப்டுக்குக் காத்து நிற்கப் பொறுமை இல்லாமல் மூன்று மாடியும் ஏறித்தான் வருகிறாள். கோபர்கைரனேயில் உன் அண்ணன் வீட்டில் எல்லாரும் சுகம், ஜாபெஸின் சின்னவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, போட்டோ எடுத்தால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறானாம். நம் குளியலறைச் சுவரில் இந்த வருஷமும் ஈரம் இறங்கிவிட்டது, கட்டிடச் சொசைட்டியில் சொன்னேன், தீபாவளி கழியட்டும் என்கிறார்கள்.

இதெல்லாம் அம்மா உனக்கு மெசேஜில் சொல்லியிருப்பாள். நான் பேனாவை எடுத்தது வேறு ஒரு காரியத்துக்கு. நான்கு நாளாக ஃபோனை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன் மகளே, மெசேஜ் என்றால் இரண்டு வரி எழுதியதும் கை நின்றுவிடுகிறது, பாதியைச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ள அது ரொம்ப வசதி. கூப்பிட்டுப் பேசலாம் என்றால் நான் சொல்லி முடித்ததும் நீ ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்று ஆகிவிடும், அந்தக் கஷ்டத்தை உனக்கு நான் கொடுக்கக் கூடாது. அதனால்தான் காகிதம். உனக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது அம்மாவும் அவளுடைய பெரிய எழுத்து பைபிளும்தான், எனவே நானும் படக்கதையில் பேச்சு எழுதுகிற மாதிரி எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பெரிதாகவே எழுதுகிறேன். நிதானமாக வாசி. நடுவில் பிடிக்காமல் போனால் மடித்து வைத்துவிடு, நான் வருத்தப்படமாட்டேன்.

ஜூன் மாதம் பத்ரி வந்திருந்தான், நம் பத்திரிகை ஆசிரியர் மகாதேவன் சாருடைய மகன். பத்திரிகை நின்று பல வருஷம் ஆகிவிட்டது, சாரும் போய்விட்டார், பத்ரி இப்போது மாட்டுங்காவில் குழந்தைகளுக்கான புத்தகங்கள் போடுகிறான். பத்திரிகையில் நான் போட்ட ‘பப்பாவ்’ படக்கதைகளில் நல்லதாக இருநூறு பொறுக்கி வண்ணத்தில் ஒரு பெரிய புத்தகம் கொண்டுவரவேண்டும், வெளியீட்டு விழாவில் முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்காகவே படம் போட்டவர் என்று என்னை மேடையில் உட்கார வைத்துச் சால்வை போடவேண்டும் என்று சொன்னான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை மறைக்கமாட்டேன். கல்யாணப் பத்திரிகைக்குப் பூ பார்டர் போட வந்த ஆளுக்கு இது பெரிய காரியம் இல்லையா. அன்றைக்கே அம்மாவிடம் சுனிதாவுக்கு இதை இப்போது சொல்லவேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

புத்தகத்துக்கு முன்னோட்டமாகச் சில பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகள் முன்னால் படம் போட்டுக் காட்டலாம் என்றான் பத்ரி. முதலாவதாகப் போனது தாராவியில், நாம் முன்பு குடியிருந்த சந்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளிக்கூடம், நான்காம் வகுப்பு. ஷாலினி என்று ஒரு டீச்சர், நம் ஊர்ப் பக்கத்துப் பெண், அன்பாகக் கூட்டிக்கொண்டு போய் நாற்பது பிள்ளைகள் முன்னால் நிறுத்தினாள். நானும் சாக்பீஸை வாங்கி பப்பாவ் வந்த முதல் கதையையே போர்டில் போட்டேன். உனக்கு அது மறந்திருக்காது. இரட்டைச் சடை போட்ட ஒரு குட்டிப்பெண் கடைக்குப் போய் ஒரு பாவ் ரொட்டி கேட்கிறாள், அவளுக்கு வாய் திக்கும், பா, பா, பா, பா, பாவ் என்கிறாள், கடைக்காரர் ஒவ்வொரு ‘பா’வுக்கும் ஒரு பாவ் என்று எண்ணி எடுத்துவைக்கிறார், கடைசிக் கட்டத்தில் குட்டிப்பெண் பாவ் மலைக்கு அடியில் கிடக்கிறாள், சடை மட்டும் வெளியே தெரிகிறது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இருபத்துநான்கு வருஷம் கழித்தும் வேலை செய்கிறதே என்று எனக்கு ஒரு பெருமை. அப்போதுதான் பார்த்தேன், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகத் திரும்பி மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரத்தைப் பார்த்தார்கள். அங்கே எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஒரு பெண் குழந்தை இருந்தாள். அவளும் சிரித்தாள், எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள், பெஞ்சைக் கையால் தட்டித் தட்டிச் சிரித்தாள். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும் சுனிதா. நம் வீட்டில் நான் புதுக் கதையைப் போட்டு எடுத்துக்கொண்டு வந்து காட்டும்போதெல்லாம் நீ சிரித்த சிரிப்பு அது. அதைப் பார்த்துத்தான் என் மகளுக்கும் பிடித்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பாய். ஒன்றும் செய்யவில்லை. படத்தை முடித்துக் கையெழுத்துப் போட்டேன், போட்டோவுக்கு நின்றேன், ஆபீஸ் அறையில் கொடுத்த வடாபாவையும் தேநீரையும் சாப்பிட்டேன். படி இறங்கும்போது ஷாலினி டீச்சர் கூடவே வந்து, பத்ரி முன்னால் போகும்வரை காத்திருந்து மெதுவாகச் சொன்னாள், “சார், தப்பா எடுத்துக்காதிய. நாளையிலேருந்து இந்தப் பிள்ளைக அவள பப்பாவ்னுதான் கூப்பிடும்.” வீட்டுக்கு வந்து சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டேன், அம்மா வடாபாவ் தின்றதால் பசியில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் என் வாயால் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், இதுவரை நான் யாரிடமும் உண்மையைச் சொன்னதில்லை. உனக்கு அப்போது எட்டு வயது. நான் பத்திரிகையில் பதினோரு வருஷமாக முயல், ஆமை, பேசுகிற ரயில் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு பிள்ளைகூட எனக்கென்று கடிதம் எழுதவில்லை. மகாதேவன் சார் கூப்பிட்டு, தனசீலன், உங்கள் கோடு சுத்தமாக இருக்கிறது, ஆனால் யாரும் சிரிப்பதில்லை, தீபாவளி இதழோடு உங்கள் பக்கத்தை நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன் என்றார். அந்த வாரம்தான் நீ முகம்மது ஹனீப் பாய் கடைக்குப் பாவ் வாங்கப் போனாய். கசங்கிப்போன ஒரு பாவோடு திரும்பி வந்து என் மடியில் முகத்தைப் புதைத்து அழுதாய். என்ன என்று நீ சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. வரிசையில் உனக்குப் பின்னால் நின்ற பெரிய பையன்கள் நீ திக்கத் திக்க விரல் விட்டு ஒரு பாவ், இரண்டு பாவ் என்று எண்ணினார்களாம், நீ முடித்தபோது ஏழு என்று கை தட்டினார்களாம். நான் உன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தப் பயல்களை நாளைக்குப் போய்க் கேட்கிறேன் என்றேன். தடவிக்கொண்டிருக்கும்போதே என் தலைக்குள் நான்கு கட்டமும் வந்துவிட்டது மகளே, இதுதான் நான் சொல்ல வெட்கப்படுவது. நீ இன்னும் அழுது முடிக்கவில்லை, நான் கடைசிக் கட்டத்தில் சடையை எங்கே வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை அந்தப் பையன்களைத் தேடிப் போகவில்லை, உட்கார்ந்து படம் போட்டேன். அவர்கள் உன்னை அடித்த அடியையே எடுத்துக் கடைக்காரர் கையில் கொடுத்தேன்.

ஹனீப் பாய் அப்படிப்பட்டவர் இல்லை என்பது உனக்குத்தான் முதலில் தெரியும். வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நீ சொல்லி முடிக்கும்வரை கையை மேஜையில் வைத்துக்கொண்டு உன் முகத்தையே பார்த்து நிற்பார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். தொப்பியும் தொப்பையுமாக அவரையும் நான் அப்படியே போட்டிருந்தேன். இதழ் வந்த பிறகு ஒருநாள் சர்க்கரை வாங்கப் போனபோது அவர் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டி, கோபமே இல்லாமல், நான் ஒன்றுதானே கொடுத்தேன் பாய் என்று இந்தியில் கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அந்த ஒரு கதைக்கு இரண்டு சாக்கு நிறையக் கடிதம் வந்திருந்தது, யார் என்ன கேட்டாலும் காதில் ஏறாத நேரம் அது. பிறகு பன்னிரண்டு வருஷம் பப்பாவ் ஓடினாள். பப்பாவ் ஃபோன் பேசினாள், ரிக்‌ஷாவுக்கு வழி சொன்னாள், வகுப்பில் அட்டெண்டன்ஸ் சொன்னாள். ஒவ்வொன்றும் உனக்கு நடந்தது, நீயோ அம்மாவோ வீட்டில் வந்து சொன்னது. ஒரு கட்டத்துக்குப் பிறகு நீ எதையும் சொல்வதை நிறுத்திவிட்டாய், பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். தாராவியை விட்டுச் செம்பூருக்கு வந்ததும், இந்த வீடும், உன் காலேஜும் எல்லாம் அவள் சம்பாதித்தது என்று நான் பெருமையாகச் சொல்லும்போது நீ எழுந்து உள்ளே போவாய்.

ஏழாம் வகுப்பில் உன் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பப்பாவ் யார் தெரியுமா, இதே ஹாலில்தான் இருக்கிறாள் என்று உன்னைக் கை நீட்டிக் காட்டினேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை, கைதட்டல் போதாமல் நானாகச் சொன்னேன். உன்னை மேலே ஏற்றிவிட்டார்கள், ஒரு வரி பேசச் சொல்லி மைக்கை உன் வாய்க்கு நேரே பிடித்தார்கள். நீ உன் பெயரைச் சொல்லத் தொடங்கினாய். பெயர் சொல்வதுதான் உனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டம் என்பது எனக்குத் தெரியாதா. ஹால் முழுக்கச் சிரித்தபோது நானும் அவர்களோடு சிரித்தேன். இருபது வருஷம் ஆகிறது, அதைப் பற்றி நான் உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நீயும் கேட்டதில்லை.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். பத்ரியிடம் இருந்த அச்சுப் பிரதிகள் பெருமழை வெள்ளத்திலும் பிறகு ஆபீஸ் மாற்றியதிலும் போய்விட்டன. ஆனால் அச்சானதும் மூலப் படங்களைத் திருப்பி வாங்கிவிடுவது என் பழக்கம், அதனால் பப்பாவ் முழுவதும் நம் வீட்டுக் கட்டிலுக்கடியில் தகரப் பெட்டியில்தான் இருக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த மறுநாள் பெட்டியைத் திறந்தேன். என்னவோ தேறாத கதைகளை எடுத்துவிட்டு மற்றதைக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம்தான் அப்போதும் இருந்தது. நடுவில் பென்சிலில் அவசரமாகப் போட்ட ஒரு வரைவு, பப்பாவ் மேடையில் பேசுகிற கதைக்குப் போட்டது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் உன் கையெழுத்து. “அப்பா, பப்பாவ நிருத்துங்க. நான் நல்லா பேசிருவேன்.”

ஆண்டுவிழாவுக்கு மறுநாள் நீ என் படப்பலகையில் அதை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாய். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா என்னிடம், பிள்ளை ஏதாவது எழுதி வைத்திருந்தாளா என்று கேட்டாள், நான் பார்க்கவில்லையே என்றேன். பொய் சொன்னேன் சுனிதா. பார்த்தேன், வாசித்தேன், நிறுத்துங்க என்பதில் எழுத்துப் பிழை இருக்கிறது என்றுகூட நினைத்தேன். கையில் வேறு தாள் இல்லை என்று அதையே திருப்பிப் போட்டு அடுத்த கதைக்கு வரைவு போட்டேன். நல்லாப் பேசிவிடுவேன் என்று நீ எனக்கு வாக்குக் கொடுத்திருக்கவே வேண்டாம் மகளே. நீ எப்படிப் பேசினாலும் நிறுத்தியிருக்க வேண்டியது நான்தான். நீ அவ்வளவு தூரம் போய், பால் சோதிக்கிற லேபில் மெஷின்களோடு வேலை பார்ப்பதும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் வருவதும் சம்பளத்துக்காக மட்டும் இல்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை, புரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

தாளை அம்மாவிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். இதை சுனிதாவுக்கே அனுப்பிவிடுகிறேன், பெட்டியையும் என்ன செய்யலாம் என்று அவளையே கேட்கிறேன், அவள் சரி என்றால் புத்தகம் வரட்டும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அதற்கு அம்மா பதில் சொன்ன மாதிரி இதுவரை ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. “ஏங்க, அவளயே மறுபடியும் பேசச் சொல்லுதியளா? நீங்க ஆரம்பிச்சதுதான, நீங்களே முடியுங்க.” சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது சரி. உன் சம்மதம் கேட்பது பெரிய மனது போலத் தெரிந்தாலும், நான் வேண்டாம் என்று சொல்லவேண்டியதை உன் வாயால் சொல்ல வைக்கப் பார்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மாட்டுங்காவுக்குப் போய் பத்ரியிடம் படங்களைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு அதிர்ச்சி. இந்தக் காலத்தில் இதைக் கொஞ்சம் மாற்றிப் போடலாம் அங்கிள், கடைசியில் ஒரு நல்ல கருத்து சேர்த்துவிடலாம், திக்குகிற பிள்ளைகளுக்கே தைரியமாக இருக்கும் என்றெல்லாம் சொன்னான். நல்ல பையன், கெட்ட எண்ணம் இல்லை. நான் இது என் மகள், அவளைக் கேட்காமல் எடுத்தேன் என்று மட்டும் சொன்னேன். அட்டையில் போடுவதற்காக அச்சடித்து வைத்திருந்த என் பெரிய போட்டோவைக் கொடுத்துவிட்டான், அதைக் கையில் வைத்துக்கொண்டு செம்பூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். விழா இல்லை, சால்வை இல்லை. சர்ச்சில் எல்லாரிடமும் விழாத் தேதியை முன்பே சொல்லி வைத்திருந்தேன், இப்போது வழியில் பார்க்கிற ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று முதல் ஆளிடம் சொல்லிவிட்டேன். இரண்டாவது ஆளிடம் உண்மையைச் சொன்னேன். ரொம்பக் கூசியது.

நேற்று மறுபடியும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பத்ரி இல்லாமல் தனியாகப் போய் ஷாலினி டீச்சரிடம் பத்து நிமிஷம் கேட்டேன். ஜன்னல் ஓரத்துப் பிள்ளையை நான் பார்க்கக்கூட இல்லை, பேரும் கேட்கவில்லை, டீச்சரிடம் முன்னாலேயே யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கும்படி நான் எதுவும் செய்யமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். போர்டில் அதே கடையைப் போட்டேன், அதே பிள்ளை, அதே கடைக்காரர். சென்ற தடவை நான் சொன்ன கதை பொய், நடந்தது இது என்றேன். பிள்ளை ஒரு பாவ் கேட்டாள், கேட்டு முடிக்க நேரம் ஆனது, கடைக்காரர் காத்திருந்தார், ஒரு பாவ் கொடுத்தார், பிள்ளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நான்கு கட்டம், அவ்வளவுதான். பின்னால் சிரித்த பையன்களையும் சின்னதாகப் போட்டேன், அவர்களோடு சட்டையில் பேனா குத்திய ஒரு பெரிய ஆளையும் போட்டேன், அது நான்தான் என்று சொன்னேன். பிள்ளைகள் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் பெஞ்சில் ஒரு பெண் கை தூக்கி, “அங்கிள், இதுல ஜோக் எங்க இருக்கு?” என்று கேட்டாள். இல்லைம்மா என்றேன். முப்பத்தைந்து வருஷம் படம் போட்டிருக்கிறேன், சிரிப்பு வராத வகுப்பில் நின்றது அதுதான் முதல் தடவை. யாரும் திரும்பி ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. அதை மட்டும் கவனித்துக்கொண்டேன். அவளை அவர்கள் பப்பாவ் என்று கூப்பிடுவதை அது நிறுத்திவிடுமா என்று டீச்சரைக் கேட்டேன். தெரியாது சார், நான் பார்த்துக்கிடுதேன் என்றாள்.

நீ என்னை மன்னிக்கவேண்டும் என்று இதை எழுதவில்லை, இதற்குப் பதிலும் எழுதவேண்டாம். ஒருவேளை கோபமாக எழுதத் தோன்றினால் எழுது, நான் வாசிப்பேன், திருப்பிப் போட்டு எதுவும் வரையமாட்டேன். அந்தத் தாளை இந்த உறைக்குள் வைக்க எடுத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன், பார்த்தால் உனக்கு என்ன ஆகுமோ. அது என்னிடமே இருக்கட்டும். பெட்டி கட்டிலுக்கடியில் பூட்டித்தான் இருக்கிறது, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அம்மா உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், அங்கே கஸ்டம்ஸில் விடுவார்களா என்று விசாரித்து அவளுக்கு ஒரு மெசேஜ் போடு. பாஸ்போர்ட் மார்ச் மாதம் முடிகிறது, கடைசி நேரம் வரைக்கும் வைத்துக்கொண்டிருக்காதே. லேபில் ராத்திரி ஷிஃப்ட் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போ, காபியைக் குடித்தே வயிற்றை நிரப்பாதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல மனுஷர் மத்தியில் உன்னை வைத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. அம்மா உன் நெற்றியில் முத்தம் கொடுத்ததாக எழுதச் சொன்னாள். நானும் கொடுத்ததாக எழுத ஆசை, அதற்கு நீ இடம் கொடுக்கும் நாள் வரட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆ. தனசீலன்